தம்பியின் கடைசி வார்த்தை

எங்கள் சபையில் யார் செத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அழுவதற்கு இல்லை, எழுதுவதற்கு. ஸ்பிரிங்வெளிக்கு மேலே, தேயிலை மலையின் நடுவில் இருக்கும் சின்ன ஆலயம் அது. அங்கே அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது விடாத வழக்கம். அங்கே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து, படித்து, பதுளையில் ஆசிரியையாகிவிட்டவள் நான் என்பதால் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பெற்றோர் யார், எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளைகள், சபைக்கு என்ன செய்தார் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, சாகும்போது அவர் என்ன சொன்னார் என்ற ஒரு வரியோடு முடிக்கவேண்டும். வருட நினைவு ஆராதனையில் அதை மறுபடி வாசிப்பார்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் சின்னக் கல்லில் வெட்டி ஆலயச் சுவரில் பதிப்பார்கள்.

நான் எழுதிய குறிப்புகளை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். குடித்துவிட்டு வந்து லயம் முழுவதையும் தூங்கவிடாமல் செய்த மனிதரை ‘எல்லோரோடும் கலகலப்பாகப் பழகியவர்’ என்று எழுதியிருக்கிறேன். மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டை ‘அமைதியான குடும்பம்’ ஆக்கியிருக்கிறேன். கடைசி வார்த்தை பலருக்கும் ‘தண்ணி குடு’ என்பதுதான். அதைச் சொன்னால் வீட்டுக்காரர்களுக்கு ஒரு மாதிரியாகிவிடும். “ஜீவத் தண்ணியக் கேட்டாருன்னு போட்டுடுங்க டீச்சர்” என்பார்கள். போட்டுவிடுவேன்.

எழுதுகிற கை எப்படியெல்லாம் வளையும் என்று தெரிந்ததால்தானோ என்னவோ, வேதத்தை எழுதிய கைகளைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு குறுகுறுப்பு உண்டு. சின்ன வயதில் திடப்படுத்தல் வகுப்பில் சொல்லித் தந்தது வேறு. ஆவியானவர் சொன்னார், அவர்கள் எழுதினார்கள், எழுதியவர்கள் வெறும் பேனா, அவ்வளவுதான். பேனாவுக்குப் பயம் இல்லை, மறதி இல்லை, பசி இல்லை. நானும் நம்பினேன். பிறகு பண்டாரவளையில் சனிக்கிழமைகளில் நடந்த இறையியல் வகுப்புக்குப் போய், அதே பக்கங்களை மெதுவாக வாசித்தபோது அந்தப் பேனா உடைந்துபோனது. சுவிசேஷம் எழுதிய ஒருவர், கண்ணால் கண்டவர்களிடம் கேட்டு விசாரித்து எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அப்போஸ்தலர் ஒருவர் தான் யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று எழுதிக்கொண்டே வந்து, மற்றவர்களை ஞாபகமில்லை என்று விட்டுவிடுகிறார். இன்னொரு நிருபத்தில், குளிர்காலத்துக்கு முன்னால் வந்து சேர், வரும்போது நான் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா என்று கேட்கிறார். ஆண்டவர் பேசுகிற இடத்தில் ஒரு மனிதனுக்குக் குளிர்கிறது. மார்கழியில் எங்கள் மலையில் இருந்து பார்த்தவர்களுக்கு அது லேசில் மறக்காது.

எனக்கு விசுவாசம் குறைந்துவிடும் என்று சிலர் பயந்தார்கள். உண்மையில் கூடியது. மனிதனை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசுகிற கடவுளை விட, அவனுடைய மறதியோடும் குளிரோடும் சேர்த்துப் பேசுகிற கடவுளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

எங்கள் போதகரும் இதையேதான் நம்பினார். இளம் வயது, நன்றாகப் படித்தவர், நல்ல மனிதர். புதன்கிழமை வேத ஆராய்ச்சியில் ஒருமுறை நாலு சுவிசேஷங்களைப் பற்றி எடுத்தார். சிலுவையில் ஆண்டவர் கடைசியாகச் சொன்னது என்னவென்று கேட்டால் நாலும் ஒன்றைச் சொல்லவில்லை. இரண்டில், தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டாரே என்று கதறுகிறார். ஒன்றில் தன் ஆவியைப் பிதாவின் கையில் அமைதியாக ஒப்படைக்கிறார். இன்னொன்றில் எல்லாம் முடிந்தது என்கிறார். பழைய காலத்தில் ஒருவர் நாலையும் கலந்து ஒரே கதையாக்கிக் கொடுத்தாராம். அது சில சபைகளில் நெடுநாள் வாசிக்கப்பட்டதாம். ஆனாலும் கடைசியில் திருச்சபை நாலையும் நாலாகவே வைத்துக்கொண்டது. “ஆவியானவர் மனுஷன அழிச்சிட்டு எழுத வைக்கல. அவனவன் கண்டது, கேட்டது, பயந்தது எல்லாத்தோடயும் எழுத வச்சாரு. ஒருத்தர் சாட்சிய இன்னொருத்தருக்காக அடிக்கிறதுக்கு நமக்கு உரிமை இல்ல” என்றார். எனக்குக் கைதட்டவேண்டும் போல் இருந்தது.

அன்றைக்கு என் தம்பியும் பின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்தவன், ஆலயத்தில் பாடகர் குழுவில் முன்னால் நிற்பவன். வெளியே வரும்போது என்னைச் சீண்டினான். “அப்ப ஆண்டவரும் ஒன்னயப் போலத்தான் அக்கா. அங்கங்க கேட்டு எழுதுற ஆளா பாத்துப் புடிச்சிருக்காரு.” ஜீவத் தண்ணீர் விஷயம் அவனுக்குத் தெரியும். முதுகில் ஒன்று வைத்தேன்.

அவன் அடுத்த அடைமழையில் போய்விட்டான்.

மண் சரிந்து மலை இறங்கும் என்று எச்சரிக்கை வந்து, லயத்துச் சனம் பள்ளிக்கூடத்தில் தங்கப் போய்க்கொண்டிருந்த காலை நேரம். தம்பி தன் மனைவியையும் மகளையும் எங்கள் அம்மாவையும் கீழே ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்ப மேலே போனான். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் நடக்கமுடியாத ஒருவர் உள்ளேயே இருந்தார். அவரைச் சன்னல் வழியாக வெளியே இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டான். அவன் வெளியே வருவதற்குள் மேட்டுச் சரிவு வந்து லயத்தின் பாதியை மூடியது. அவனைக் காணவில்லை என்று மேலே ஓடியது அவன் மனைவிதான். சுவர் இடிந்து கிடந்த இடத்தில் ஒரு சந்து இருந்தது. அதில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். உள்ளே அவன் உயிரோடு இருந்தான். மண்ணைக் கையால் பறித்திருக்கிறாள். மற்றவர்கள் மண்வெட்டியோடு வந்து சேருவதற்குள் இரண்டாவது சரிவு வந்தது. அவளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அதன் பிறகு அவள் சொன்னது ஒன்றுதான். நான் எத்தனை முறை கேட்டிருப்பேனோ, ஒரு சொல் மாறியதில்லை. “மழையும் அவரு சத்தமுந்தான் அண்ணி கேட்டுச்சு, வேற ஒண்ணுமே கேக்கல. ‘ஆண்டவரே, இருக்கியா இல்லியா? இருந்தா கையக் குடு’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. மண்ணு வர்ற வரைக்கும் அதேதான். நான் கைய விட்டேன். எட்டல.”

அம்மா சொன்னது வேறு. பேத்தியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்ற அம்மாவுக்கு, மேலேயிருந்து தம்பி பாடியது கேட்டதாம். அவன் பாடகர் குழுவில் வழக்கமாகப் பாடும் கீர்த்தனை. “பாடிக்கிட்டேதான் போனான் எம்புள்ள” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். சனத்துக்கு அதுதான் பிடித்தது. யாருக்குத்தான் பிடிக்காது? எங்கள் சபை மட்டுமில்லை, மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டிலும் அதைச் சொல்லி அழுதார்கள்.

பல பெட்டிகளை ஒன்றாக அடக்கம் செய்த அவசரத்தில் அப்போது யாருக்கும் குறிப்பு வாசிக்கவில்லை. ஆகவே தம்பியின் குறிப்பு வருட நினைவுக்கு என்று தள்ளிப்போனது. அம்மா என்னோடு பதுளைக்கு வந்துவிட்டார். தம்பி மனைவி வரவில்லை. தோட்டத்திலேயே தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாள்.

நாள் நெருங்கியபோது எழுத உட்கார்ந்தேன். அத்தனை பேருக்கு எழுதிய கை, சொந்தத் தம்பிக்கு எழுத வரவில்லை. கடைசியில் எழுதினேன். ‘அவர் கீர்த்தனை பாடியதைத் தாயார் கேட்டார். ஆண்டவரே இருக்கிறாயா, இருந்தால் கையைக் கொடு என்று அவர் கேட்டதை மனைவி கேட்டார்.’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது முதலில், எது பிறகு என்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நான் எழுதிய குறிப்புகளிலேயே பூச்சில்லாதது அதுதான்.

போதகர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தார். தேத்தண்ணீரைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“டீச்சர், பாட்டு மட்டும் போதுமே” என்றார்.

“புதன்கிழமை நீங்க சொன்னது எங்க போச்சு ஐயா?”

“அது வேதம் டீச்சர். இது கல்லு. சின்னப் புள்ளைங்க வந்து வாசிக்கும். ஆண்டவர் இருக்காரா இல்லியான்னு சேர்ச் சொவத்துலயே எழுதி வைக்க ஏலுமா?”

“பெரிய வெள்ளிக்கிழம வருஷா வருஷம் அதத்தானே வாசிக்கிறோம்? அத கேக்குற புள்ளைங்க கெட்டா போச்சுங்க?”

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயர்ந்துவிடும். பிரசங்க மேடையில் மனசு விரிந்து கிடக்கிறது, கல்லுக்கு வந்தால் சுருங்கிவிடுகிறது என்று ஏதோ சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். விட்டுக்கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து அம்மா வந்தார்.

“கடவுள சந்தேகப்பட்டுக்கிட்டுச் செத்தான்னு எம்புள்ளைக்கு எழுதப் போறியா? அவனுக்கு மோட்சம் கெடைக்குமா?”

“ஆண்டவரே சிலுவையில அப்பிடித்தானே அம்மா கேட்டாரு.”

“அவரு கேக்கலாம்டி. அவரு மூணாம் நாளு எழும்பிட்டாரு. எம்புள்ள எழும்பலியே.”

போதகர் பெருமூச்சோடு பேனாவை எடுத்து இரண்டாவது வரியை அடித்தார்.

தம்பி மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். மலையிலிருந்து வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள்.

“அப்ப நான் சொல்றது பொய்யா அண்ணி?”

“பொய்யின்னு யாரு சொன்னா? அம்மாவுக்குத் தாங்க ஏலாது.”

“எனக்கு ஏலுதா? அவரு கேட்டத நான் ஒருத்திதான் சொமந்துக்கிட்டுத் திரியிறேன். கொழுந்து எடுக்கக்குள்ளயும் கேக்குது, சோறு வடிக்கக்குள்ளயும் கேக்குது. சொவத்துல எழுதி வச்சீங்கன்னா கொஞ்சம் அங்க எறக்கி வைப்பேன். ஞாயித்துக்கிழம போய்ப் பாத்துக்குவேன்.”

அதைக் கேட்ட பிறகு மறுபடி போதகரிடம் போனேன். மறுபடி சண்டை போட்டேன். எல்லாம் வீண். நாலு சாட்சிகளை முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்டிருக்கிற கூட்டம், ஒரு ஃபெக்டரித் தொழிலாளியின் சாவுக்கு இரண்டு சாட்சிகளை வைத்துக்கொள்ள முடியாமல் தவித்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நினைவு ஆராதனையில் போதகர் வாசித்தார். நல்ல குரல். ‘கீர்த்தனையைப் பாடியபடியே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று முடித்தபோது சனம் விம்மியது. தம்பி மனைவி எழும்பினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடு வழியாக நடந்து வெளியே போனாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. அந்த மாதமே தோட்டத்தை விட்டு, தெமோதரைப் பக்கம் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே எந்த ஆலயத்துக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் எடுத்த ஃபோன்களுக்குப் பதில் வரவில்லை. தம்பியை இழந்தது போதாதென்று, அவன் விட்டுப்போன இரண்டு பேரையும் இழந்தோம். அம்மா பேத்தியைப் பார்க்காமல் உருகிப்போனார்.

மறுபடி மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“அவன் கத்துனது எனக்கும் கேட்டுச்சு” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“என்ன சொல்றான்னு புரியல. கூப்பிடுறான்னு மட்டும் புரிஞ்சுது. புள்ளையக் கையில புடிச்சிக்கிட்டு எப்பிடி மேல ஏறுறது? அதான் பாடினேன். அவன் பாட்டுத்தான். எம்புட்டுச் சத்தமா ஏலுமோ அம்புட்டுச் சத்தமா பாடினேன். அம்மா இங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியட்டும்னு.”

“அப்ப தம்பி பாடலியா அம்மா?”

“சேந்து பாடினான்னு நெனச்சேன். அப்பிடியே அவன் பாடினதாவே ஆகிப்போச்சு. இப்ப யோசிச்சா, நான் மட்டுந்தான் பாடினேனோன்னு இருக்கு.”

அம்மாவைத் திட்டத் தோன்றவில்லை. பாவமாக இருந்தது. ஆண்டவர் மரித்ததற்கும் அது எழுதப்பட்டதற்கும் இடையில் பல வருடங்கள் ஓடின, அந்த வருடங்களில் அவரை நேசித்தவர்களின் ஞாபகத்தில் ஆவியானவர் வேலை செய்தார் என்று பண்டாரவளை வகுப்பில் லேசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். ஞாபகம் வேலை செய்வது இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். அதில் எது அன்பு, எது பயம், எது ஆவியானவர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இரண்டு வரியையும் கல்லில் விட்டிருந்தால், இரண்டு பெண்களும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் முன்னால் நின்றிருப்பார்கள், இந்தப் பேச்சு எப்போதோ வந்திருக்கும்.

“அவகிட்ட சொல்லணும். என்னயக் கூட்டிக்கிட்டுப் போ” என்றார் அம்மா.

பஸ்ஸில் போனோம். எங்களைக் கண்டதும் தம்பி மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு பாயை எடுத்துப் போட்டாள். பேத்தி வந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். அம்மா சுற்றி வளைக்கவில்லை. பாடியது தான்தான் என்று சொன்னார். அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று சொன்னார். மருமகளின் காலைத் தொடப் போனவரை அவள் பதறிப்போய்த் தடுத்தாள்.

“ஒன்னய ஒண்ணு கேக்கணும் புள்ள” என்றார் அம்மா. “நீதான் பக்கத்துல கெடந்த. நான் பாடினது ஒனக்குக் கேட்டுச்சா? ஒனக்குக் கேட்டிருந்தா அவனுக்கும் கேட்டிருக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“கேட்டுச்சு அத்த” என்றாள். “நல்லாக் கேட்டுச்சு. அவருக்கும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அவரு கத்தல.”

அம்மா அவளைக் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுதார். அந்த மாதிரி அழுது நான் கண்டதில்லை. அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. நான் எழும்பி வெளியே போய் நின்றேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் அத்தனை நாள் காத்த சாட்சியை, எங்கள் சபையே எதிர்த்து நின்றும் விட்டுக்கொடுக்காத சாட்சியை, தன்னை ஒதுங்கவைத்த கிழவிக்காக அவள் ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

பஸ்ஸுக்கு வழியனுப்ப ரோட்டு வரைக்கும் வந்தாள். அம்மாவைப் பேத்தியோடு முன்னால் போகவிட்டு, என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கேக்கலதான் அண்ணி” என்றாள். “அது நமக்குள்ள இருக்கட்டும். அவரு கேட்டத இனி எங்கயும் எழுதிறாதீங்க.”

சரி என்றேன். அம்மா உயிரோடு இருந்தவரை எழுதவில்லை.